தானே எழுதிய நான்கு வாக்கியங்கள்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் மாலை வகுப்புத் தொண்டர்கள் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

 

வெள்ளி விழா மேடையில் நின்று கடந்த காலப் பெருமை பேசுவது எளிது. ஒரு வீட்டுத் திண்ணையில், ஒற்றை மின்விளக்கின் கீழ்த் தொடங்கிய மாலை வகுப்பு, இன்று சமுதாயக் கூடம் நிறையப் பிள்ளைகளைக் கொண்டு நடைபெறுகிறது என்று சொல்லிக் கைதட்டல் பெற்றுவிடலாம். ஆயின் விழாக் குழுவினர் எங்களுக்கு இட்ட கட்டளை வேறு. உயர்நிலை வகுப்புகளில் பயிலும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதவும், தேர்வில் ஆங்கில இலக்கிய வினாக்களுக்கு விடையளிக்கவும் நாம் எவ்வாறு துணைநிற்கலாம் என்பதை எங்கள் பட்டறிவிலிருந்து கூறுமாறு பணித்துள்ளனர். பட்டறிவு என்றால் வெற்றிகள் மட்டுமல்ல; பிழைகளும் அதில் அடக்கம். எனவே எங்கள் பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்களுள் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவர் எவருமிலர். சிலர் அலுவலகங்களில் எழுத்தர்கள். ஒருவர் அங்கன்வாடிப் பணியாளர். சிலர் கல்லூரி மாணவர்கள். ஆங்கிலத்தைக் கண்டு நாங்களும் ஒரு காலத்தில் அஞ்சியவர்களே. ஆகவே தொடக்க ஆண்டுகளில் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியைப் பின்பற்றினோம். கடையில் விற்கும் நோட்ஸ் ஒன்றை வாங்கினோம். அதிலிருந்து எட்டுக் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்தோம். கரும்பலகையில் எழுதிப்போட்டோம். பிள்ளைகள் அவற்றைப் பார்த்து எழுதி, உரக்கப் படித்து, உருப்போட்டு, ஒப்பித்தனர். பொருள் தெரியுமா என்று நாங்கள் கேட்கவில்லை. தேர்ச்சி கிடைத்தால் போதும் என்று எண்ணினோம். பல பிள்ளைகளுக்குத் தேர்ச்சி கிடைத்தும் வந்தது. நாங்களும் மகிழ்ந்தோம்.

ஒரு பொதுத்தேர்வு அந்த மகிழ்ச்சியை முடித்துவைத்தது. அவ்வாண்டு எங்கள் வகுப்பின் முதல் மாணவன் என்று நாங்கள் நம்பியிருந்த பையன் ஒருவன் இருந்தான். எட்டுக் கட்டுரைகளையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பான். தேர்வில் அந்த எட்டில் ஒன்றும் வரவில்லை. கேட்கப்பட்டதோ மிக எளிய பொருள். தன் ஊரைப் பற்றி எழுத வேண்டும். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி அவனால் ஒரு வரியும் எழுத இயலவில்லை. பக்கத்தை வெறுமையாக விட்டு வெளியே வந்தான். அன்று மாலை வகுப்புக்கு வரவில்லை. அடுத்த தேர்வுக்கும் செல்லவில்லை. சில நாள்களில் செங்கல் சூளைக்கு வேலைக்குச் சென்றுவிட்டான் என்று கேள்விப்பட்டோம்.

அவன் வீட்டுக்குச் சென்றோம். அவன் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தனக்கு ஆங்கிலம் வராது என்றுதான் சொன்னான். அதுவே எங்களைச் சுட்டது. எட்டுக் கட்டுரைகளை நினைவில் நிறுத்த வல்ல ஒரு மூளைக்கு ஒரு மொழி வராதா? வராமல் போனது அவனுக்கன்று. கற்பிக்கத் தெரியாமற் போனது எங்களுக்கு. மனப்பாடம் செய்த கட்டுரை பிறர் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்பது போன்றது. சுவரை எடுத்துவிட்டால் நிற்பவனும் விழுகிறான். தானே எழுதிய நான்கு வாக்கியங்கள் பிழையோடு இருப்பினும் அவை அவன் கால்கள். இந்த உண்மையை அந்தப் பிள்ளையின் ஓராண்டை விலையாகக் கொடுத்து நாங்கள் கற்றோம்.

இங்கே ஒரு வினா எழலாம். தாய்மொழி இருக்க ஆங்கிலத்துக்கு இத்துணைப் பாடு எதற்கு? தமிழில் சிந்திக்கத் தெரியாத பிள்ளை ஆங்கிலத்திலும் சிந்திக்க மாட்டான். ஆகவே தமிழே அடித்தளம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழைத் தமிழில்தான் நடத்தினார். ஆயினும் ஆட்சியும் நீதியும் உயர்கல்வியும் எந்த மொழியில் நடந்தனவோ அந்த மொழியில் நம் வழக்கை எடுத்துரைக்க நம்மவர்க்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா 1925இல் ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றித் தம் நூலை ஆங்கிலத்தில் எழுதினார். இரட்டைமலை சீனிவாசன் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றார். அண்ணல் அம்பேத்கர் 1936இல் இலாகூர் மாநாடு ஒன்றுக்குத் தலைமையுரை எழுதினார். அவ்வுரையின் கருத்துக்கு அஞ்சிய அமைப்பாளர்கள் மாநாட்டையே கைவிட்டனர். அவரோ உரையைத் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். மேடை மறுக்கப்பட்டபோதும் எழுத்து மறையவில்லை. பின்னர் அது குடியரசு இதழின் வழியாகத் தமிழுக்கும் வந்தது.

இப்பெரியோர்கள் எழுதியவை எந்த நோட்ஸிலும் இருந்தவையல்ல. தமக்கு நேர்ந்ததை, தாம் கண்டதை, தாம் எண்ணியதை எழுதினர். அதுதானே கட்டுரை என்பது!

அண்ணலின் மாணவப் பருவத்தையும் சற்று எண்ணிப்பாருங்கள். 1907இல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது பெற்றவை 750க்கு 282 மதிப்பெண்கள். இன்றைய கணக்கில் நம்மவரே அதனைக் குறைவு என்பர். ஆனால் அன்று அவருடைய மக்கள் அதனை விழாவாகக் கொண்டாடினர். ஆறாண்டுகள் கழித்து, 1913இல், அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர். இடையில் இருந்தது அவருடைய உழைப்பு. அதற்கும் முன்னே இருந்தது அவருடைய தந்தையின் துணை. ராம்ஜி சக்பால் இராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். மகனுக்குத் தாமே ஆங்கிலம் பயிற்றுவித்தார். பரேல் பகுதியின் ஒற்றை அறைக் குடியிருப்பில் தாம் விழித்திருந்து, பின்னிரவில் மகனை எழுப்பிப் படிக்க வைத்தார் என்று அண்ணலின் வரலாற்றில் படிக்கிறோம்.

தோழர்களே, நம் பிள்ளைகளுக்குக் குறைவது அறிவன்று; அருகில் அமர ஒரு ராம்ஜி இல்லை என்பதே குறை. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை கட்டுரை எழுதினால் தந்தையோ அக்காளோ அதைப் படித்துப் பார்க்கிறார். நம் பிள்ளை எழுதினால் படிப்பதற்கு எவருமில்லை. பெற்றோர் வேலை முடிந்து வருவதற்குள் இருட்டிவிடுகிறது. வந்தாலும் அந்த எழுத்து அவர்களுக்குத் தெரியாது. இந்த இடத்தை நிரப்புவதே நம் கழகத்தின் வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் எழுத்தைப் படிக்க ஓர் ஆள் வேண்டும். நாங்கள் இன்று சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவே. எஞ்சியவை அதனைச் செய்யும் முறைகள்.

முதலில் கட்டுரை. எங்கள் வகுப்பில் இப்போது எந்தக் கட்டுரையும் ஆங்கிலத்தில் தொடங்குவதில்லை. பேச்சில், அதுவும் தமிழில் தொடங்குகிறது. பொருளைப் பிள்ளையின் கண்ணெதிரே இருந்து எடுக்கிறோம். கோடை வாழிடத்துக்குச் சென்று வந்ததைப் பற்றி நோட்ஸில் கட்டுரை உண்டு. ஊட்டியைக் கண்ணால் காணாத பிள்ளை அதனை எப்படி எழுதும்? ஆகவே நாங்கள் தெருக்குழாயைப் பற்றிக் கேட்டோம். எப்போது தண்ணீர் வருகிறது? யார் பிடிக்கிறார்கள்? எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள்? சண்டை வருவது ஏன்? தண்ணீர் வராத நாளில் என்ன செய்வீர்கள்? ஐந்து வினாக்களுக்குப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு விடை சொன்னார்கள். அதுவரை வாய் திறவாத ஒரு சிறுமி, தண்ணீருக்காகத் தன் தாய் விடியுமுன் எழுவதையும், அதனால் தான் பள்ளிக்கு முதல்மணி தவறுவதையும் சொன்னாள். இந்த ஐந்து விடைகளையும் ஐந்து சிறிய ஆங்கில வாக்கியங்களாக எழுது என்றோம். எழுதினாள். ஏழு பிழைகள் இருந்தன. ஆனால் அது அவளுடைய கட்டுரை.

ஐந்து வாக்கியம் வந்துவிட்டால் ஒவ்வொன்றையும் ஒரு பத்தியாக வளர்க்கலாம். தொடக்கப் பத்தியில் எதைப் பற்றி எழுதுகிறோம் என்பது. நடுவில் இரண்டு அல்லது மூன்று செய்திகள், ஒரு பத்திக்கு ஒரே செய்தி. இறுதியில் நாம் விரும்புவது அல்லது நாம் கண்ட முடிவு. இந்தக் கட்டமைப்பு ஒன்றைக் கைக்கொண்டால் மழைநீர்ச் சேமிப்பு, நூலகத்தின் பயன், தூய்மை, என் ஊர் என்று எப்பொருள் வந்தாலும் பிள்ளை அஞ்சாது. எந்தப் பொருளும் யார், எங்கே, எப்போது, என்ன, ஏன், எப்படி என்ற வினாக்களுக்கு விடை தந்தே தீரும்.

அடுத்து வாக்கியம். நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை அறியாமையால் வருபவையல்ல. தமிழின் ஒழுங்கை ஆங்கிலத்திலும் எதிர்பார்ப்பதால் வருபவை. தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். அம்மா இரண்டு குடங்களோடு போகிறார் என்போம். அதே வரிசையில் மை மதர் டூ பாட்ஸ் வித் கோஸ் என்று பிள்ளை எழுதினால், அது தமிழை நன்கு அறிந்த பிள்ளை என்று பொருள். அதனை ஏளனம் செய்யலாகாது. ஆங்கிலத்தில் எழுவாய்க்குப் பின் உடனே வினை வந்து அமரும் என்று காட்டினால் போதும்: மை மதர் கோஸ் வித் டூ பாட்ஸ். நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டும். ஆங்கிலத்தில் அவ்வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னே நிற்கும். குடங்களோடு என்பதில் ஓடு பின்னே வருகிறது. வித் என்பது முன்னே வருகிறது. இதனை ஒருமுறை தமிழோடு ஒப்பிட்டுக் காட்டினால் பிள்ளை மறப்பதில்லை.

தமிழில் எழுவாய் இன்றியும் பேசலாம். குளிர்கிறது என்றால் வாக்கியம் முடிந்தது. ஆங்கிலத்தில் அந்த இடம் வெறுமையாக இருத்தலாகாது. இட் என்ற சொல்லையேனும் அங்கே அமர்த்த வேண்டும். நேற்று வந்த பையன் என்று தமிழில் வினை முன்னே வந்து பெயரைத் தழுவும். ஆங்கிலத்தில் பையன் முன்னே வந்து, ஹூ என்ற சொல்லோடு எஞ்சியது பின்னே வரும். டிட் நாட் வென்ட் என்று எழுதும் பிள்ளைக்குத் தமிழையே காட்டுங்கள். போகவில்லை என்கிறோம்; போனவில்லை என்பதில்லை. அதுபோல டிட் என்ற சொல் இறந்த காலத்தைச் சுமந்துவிட்டால் அடுத்த சொல் மீண்டும் சுமக்க வேண்டியதில்லை. டிட் நாட் கோ என்பதே சரி. அவன், அவள், அது என்ற எழுவாய்க்கு நிகழ்கால வினையில் எஸ் என்ற எழுத்துச் சேர்வதையும் இவ்வாறே சொல்லலாம். தமிழில் எழுவாய்க்கேற்ப வினையின் ஈறு மாறுவது போல ஆங்கிலத்திலும் ஓரிடத்தில் மாறுகிறது, அவ்வளவே.

இனித் திருத்தும் முறை. இதில்தான் நாங்கள் மிகுதியாகத் தவறினோம். முன்னெல்லாம் ஒரு பக்கக் கட்டுரையில் முப்பது சிவப்புக் கோடுகள் இடுவோம். மறுவாரம் அந்தப் பிள்ளை வராது. ஒரு பள்ளியில் நம் பிள்ளை ஒருவனின் தாளை வகுப்பின் முன் உயர்த்திக் காட்டி, உங்களுக்கெல்லாம் இது எதற்கு என்று கேட்டதையும் நாங்கள் அறிவோம். அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை ஓராண்டுக் காலம் எழுதுகோலைத் தொடத் தயங்கினான். ஆகவே நாங்கள் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழை. இந்த வாரம் வினையின் காலம் என்றால் அதனை மட்டும் பென்சிலால் குறிப்போம். எஞ்சியவற்றை அடுத்த வாரத்துக்கு விடுவோம். தாளின் தலைப்பில் முதலில் எழுதுவது நன்றாக வந்த ஒரு வாக்கியம் எது என்பதை. திருத்திய பின் பிள்ளையே அதனை உரக்கப் படிக்க வேண்டும். தவறிய இடத்தில் நாக்கு தானே தடுமாறும். பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.

கடிதம் எழுதுவதும் தேர்வில் உண்டு. அனுப்புநர், நாள், பெறுநர், பொருள், விளிப்பு, செய்தி, முடிப்பு என்ற உறுப்புகளை வரிசை பிறழாமல் எழுதினாலே மதிப்பெண் கிட்டும். இதனையும் உண்மையான வேலையாக்கினோம். நம் தெருவில் விளக்கு எரியவில்லை. ஊராட்சி மன்றத்துக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பினோம். அதையே தேர்வுப் பயிற்சிக்காக ஆங்கிலத்திலும் எழுதச் செய்தோம். விளக்கு எரிந்த மாலையில் பிள்ளைகள் கண்ட மகிழ்ச்சி, எழுத்துக்கு ஆற்றல் உண்டு என்று நாங்கள் நூறு முறை சொல்லியும் வராத நம்பிக்கையை ஒரே நாளில் தந்தது.

இப்போது இலக்கிய வினாக்களுக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் முன்னர் இரு தாள்களாக இருந்த ஆங்கிலம் இப்போது 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாளாக உள்ளது. உரைநடை, செய்யுள், துணைப்பாடம் மூன்றிலிருந்தும் வினாக்கள் வருகின்றன. விடையை மட்டும் உருப்போடும் பிள்ளை பாடத்தையே படிப்பதில்லை. நோட்ஸில் உள்ள விடையைத்தான் படிக்கிறது. இது சோற்றை உண்ணாமல் பிறர் உண்ட கதையைக் கேட்பது போன்றது. எங்கள் வகுப்பில் முதலில் பாடத்தை முழுதும் ஒருவர் வாய்விட்டுப் படிப்பார். பின் ஒரு பிள்ளை அந்தக் கதையைத் தமிழில் சொல்ல வேண்டும். அதன்பின் சில பகுதிகளை நடித்துக் காட்டுவார்கள். கதை உள்ளே இறங்கிய பிறகே வினா.

எடுத்துக்காட்டாக ஒரு பாடம். பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே எழுதிய கடைசிப் பாடம் என்ற கதை நம் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது. 1870–71 போரில் பிரான்சு தோற்றபின், அல்சேசு பகுதிப் பள்ளிகளில் இனி ஜெர்மன் மொழியே கற்பிக்க வேண்டும் என்று ஆணை வருகிறது. ஆசிரியர் ஹாமெல் தம் கடைசிப் பிரெஞ்சுப் பாடத்தை நடத்துகிறார். பாடம் படிக்காமல் ஊர் சுற்றிய பிரான்சு என்ற சிறுவன் அன்றுதான் தன் மொழியின் அருமையை உணர்கிறான். பின் பெஞ்சுகளில் ஊர்ப் பெரியவர்கள் வந்து அமர்ந்திருக்கிறார்கள். ஒரு முதியவர் பழைய அரிச்சுவடியை மடியில் வைத்திருக்கிறார்.

வினா இதுவென்று கொள்வோம்: சிறுவனுக்குத் தன் புத்தகங்களின் மீதிருந்த எண்ணம் எவ்வாறு மாறியது? இதற்கு விடை எழுத மூன்று படிகள் போதும். முதலாவது, நேரான விடை: சுமையாகத் தோன்றிய புத்தகங்கள் நண்பர்களாகத் தோன்றின. இரண்டாவது, கதையிலிருந்து சான்று: காலையில் பள்ளிக்கே செல்லாமல் வெளியில் திரியலாமா என்று எண்ணியவன், இது கடைசிப் பாடம் என்று கேட்டதும் படிக்காமற் போனதற்கு வருந்துகிறான். மூன்றாவது, அதன் காரணம்: இழக்கப்போகும் நேரத்தில்தான் ஒரு பொருளின் மதிப்பு விளங்குகிறது. விடை, சான்று, காரணம் என்ற இம்மூன்றையும் தன் எளிய ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் கிட்டாமற் போகாது. வினாச்சொல்லையும் கவனிக்கப் பழக்க வேண்டும். ஒய் என்றால் காரணம் கேட்கிறார்கள். ஹௌ என்றால் முறை அல்லது மாற்றம். டிஸ்கிரைப் என்றால் வருணனை. கம்பேர் என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுதல். காரணம் கேட்ட இடத்தில் முழுக் கதையையும் எழுதிவிட்டு மதிப்பெண் இழப்போர் பலர்.

இந்தக் கதையில் எங்களைத் தைத்த இடம் ஒன்று உண்டு. பிள்ளைகள் படிக்காமற் போனதற்கு ஹாமெல் பிள்ளைகளை மட்டும் குறை கூறவில்லை. பண்ணைக்கும் ஆலைக்கும் அனுப்பிய பெற்றோரைக் கூறுகிறார்; பாடம் நடத்தாமல் தம் தோட்டத்துக்கு நீர் ஊற்ற அனுப்பிய தம்மையும் கூறிக்கொள்கிறார். எட்டுக் கட்டுரைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட நாங்களும் அந்த ஹாமெல்தானே என்று எண்ணிக்கொண்டோம். அவருக்கு அது கடைசிப் பாடம். நமக்கோ அடுத்த மாலை உண்டு.

செய்யுள் பற்றி ஒரு சொல். ஆங்கிலக் கவிதையில் அணி எது, ஓசை நயம் எது என்று கேட்டவுடன் நம் பிள்ளைகள் மிரளுகின்றனர். ஆனால் அதே பிள்ளைகள் தமிழ்த் தேர்வில் உவமை, உருவகம், எதுகை, மோனை, இயைபு எல்லாம் எழுதுகின்றனர். சிமிலி என்பது உவமை. நம் போல என்ற உருபின் இடத்தில் லைக் அல்லது ஆஸ் வரும். மெட்டஃபர் என்பது உருவகம். சொற்களின் முதலொலி ஒன்றி வரும் அலிட்டரேஷன் நம் மோனைக்கு உறவு. அடிகளின் இறுதி ஒன்றி வரும் ரைம் நம் இயைபுக்கு உறவு. தமிழ் இலக்கணம் அறிந்த பிள்ளை பாதி ஆங்கிலக் கவிதையை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. மனப்பாடப் பகுதிக்குரிய பாடலை மட்டும் உருப்போடத்தான் வேண்டும். மனப்பாடத்தை நாங்கள் பகைக்கவில்லை. பொருள் தெரிந்து உருப்போட்டால் அது நெஞ்சில் நிற்கும் என்கிறோம்.

தேர்வுக் கூடத்திலும் சில ஒழுங்குகள் உண்டு. பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கவென்றே 10 நிமிடங்கள் தரப்படுகின்றன. அந்த 10 நிமிடங்களை வீணாக்காமல், எந்தக் கட்டுரையை எழுதுவது என்று அப்போதே முடிவு செய்ய வேண்டும். எழுதத் தொடங்குமுன் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஐந்து குறிப்புச் சொற்களைப் பென்சிலால் எழுதிக்கொள்வது நலம். முடித்ததும் அதனை அடித்துவிடலாம். வினா எண்ணைப் பிழையின்றி இட வேண்டும். எந்த வினாவையும் வெறுமையாக விடலாகாது. தேர்ச்சிக்கு வேண்டியவை 100க்கு 35. நான்கு எளிய, சரியான வாக்கியங்கள் எழுதிய விடைக்கு ஏதேனும் மதிப்பெண் கிட்டும். வெறும் பக்கத்துக்கு எவரும் தர இயலாது. இதனை அந்தப் பையனுக்கு அன்று யாரேனும் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் வருந்துகிறோம்.

இக்காலத்துக்குரிய ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியுள்ளது. இன்று கைபேசியில் ஒரு தலைப்பைச் சொன்னால் நொடிப் பொழுதில் பிழையற்ற ஆங்கிலக் கட்டுரை வந்து நிற்கிறது. பிள்ளைகள் அதனைப் பார்த்து எழுதி வருகின்றனர். பழைய நோட்ஸ் புது உருவில் வந்திருக்கிறது, அவ்வளவே. ஒரு சொல்லின் பொருளைத் தேடவும், ஒலிப்பைக் கேட்கவும் அக்கருவி உதவட்டும். கட்டுரையை அது எழுதலாகாது. தேர்வுக் கூடத்துக்குள் கைபேசி வராது. நாளை நேர்காணலிலும் நம் பிள்ளைக்குப் பதிலாக அது பேசாது.

இளைஞர்களே, உங்களிடம் எங்கள் வேண்டுகோள் பெரிதன்று. வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வராது என்று தயங்க வேண்டா. பத்தாம் வகுப்பில் ஒருமுறை தவறி மீண்டும் எழுதித் தேறியவர் எவரோ, அவரே சிறந்த துணைவர். எந்த இடத்தில் கால் வழுக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். இரண்டு பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதியதைப் படியுங்கள். தெரியாத சொல்லுக்கு அவர்களோடு சேர்ந்து அகராதியைப் புரட்டுங்கள். ஆசிரியருக்கும் தெரியாதது உண்டு, தேடினால் கிடைக்கும் என்பதைப் பிள்ளை அப்போது கற்கிறது. பொது நூலகங்களுக்கென்று 1948இலேயே சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. அருகிலுள்ள கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்குங்கள்.

தாய்மார்களே, எழுத்தறியாத நாங்கள் என்ன செய்வோம் என்று எண்ணாதீர்கள். இரவில் சோறு போடும்போது, இன்று என்ன கதை படித்தாய், சொல்லு என்று கேளுங்கள். கதையைத் தன் சொல்லில் தாய்க்குச் சொல்லத் தெரிந்த பிள்ளை, அதனைத் தேர்வில் எழுதவும் அறிந்துகொள்ளும்.

இறுதியாக ஒன்று. செங்கல் சூளைக்குச் சென்ற அந்தப் பையன் மீண்டும் படிக்க வரவில்லை. எவ்வளவோ அழைத்தோம், வீட்டின் சுமை அவனை விடவில்லை. ஆனால் சில ஆண்டுகள் கழித்து ஒரு மாலையில் எங்கள் வகுப்பின் வாயிலில் வந்து நின்றான். கைகளில் செம்மண் படிந்திருந்தது. தங்கையின் கையைப் பிடித்திருந்தான். “ஐயா, இவள் ஒன்பதாம் வகுப்பு. இவளை ஒப்பிக்க வைக்காதீர்கள். எழுத வையுங்கள்” என்றான். வேறொன்றும் சொல்லாமல் திரும்பிச் சென்றான். அந்தச் சிறுமி எங்களிடம் முதன்முதலாக எழுதியது நான்கு வாக்கியங்கள். பொருள், என் அண்ணன். பிழைகள் இருந்தன. அவற்றை நாங்கள் அன்று திருத்தவில்லை.

அந்த அண்ணனின் வேண்டுகோளையே இவ்வெள்ளி விழாவில் உங்கள் முன் வைக்கிறோம். நம் பிள்ளைகளை எழுத வைப்போம். அவர்கள் எழுதியதை நாம் படிப்போம். பொன்விழாக் காணும்போது இந்த மேடையில் நின்று உரையாற்றுவோர் அந்தப் பிள்ளைகளாக இருக்கட்டும்.